சுஜிதா வாங்கிய லென்ஸ்

மாலை நாலு மணிக்குச் செய்தி வந்தது. அலுவலகத்தில் தேநீர்க் கோப்பைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். மழைக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் உள்ளே புழுக்கமாக இருந்தது. என் கைப்பேசியில் ஜெபராஜ் அழைத்தார். சுஜிதாவின் கணவர். அவர் என்னிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. எதுவானாலும் சுஜிதா மூலமாகத்தான் வரும். திரையில் அவர் பெயரைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டேன்.

"சுஜிதா லாங் ஐலண்ட்ல விழுந்துட்டாளாம். போட் ஜெட்டியில, போட்டு வரும்னு நிக்கும்போது" என்றார்.

"இப்ப எப்படி இருக்கா?"

அவருக்குப் பின்னால் ஒரு படகு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜங்லிகாட்டில் எஞ்சின் பழுதுபார்க்கும் கொட்டகை அவருடையது. "பந்த் கரோ, பந்த் கரோ" என்று யாரையோ அதட்டினார். எஞ்சின் நின்றது.

"இல்ல. போயிட்டா" என்றார்.

நான் அழவில்லை. எனக்கு முதலில் ஒரு கேள்விதான் வந்தது, அதை அவரிடமே கேட்டும்விட்டேன். "எந்த லென்ஸ எடுத்துட்டுப் போயிருந்தா?"



"அதத்தான்" என்றார் ஜெபராஜ்.

இப்படியொரு நேரத்தில் இப்படிக் கேட்க முடியுமா என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். அந்த லென்ஸைப் பற்றிச் சொல்லாமல் சுஜிதாவின் கடைசி மூன்று வருடங்களைச் சொல்ல முடியாது.

அவளும் நானும் போர்ட் பிளேரில் ஒரே தமிழ்வழிப் பள்ளியில் படித்தோம். அவளுடைய ஐயா மணப்பாட்டிலிருந்து மீன்பிடிக்க வந்தவர். என் அப்பா மதுரைப் பக்கத்திலிருந்து பொதுப்பணித் துறை வேலைக்கு வந்தவர். பள்ளி முடிந்ததும் நான் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போய்ப் புள்ளியியல் படித்துவிட்டு இங்கேயே அரசு வேலைக்குத் திரும்பினேன். அவள் அபர்தீன் பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து பாஸ்போர்ட் படம் எடுத்தாள். 'தாடையை இறக்குங்கள்' என்பதைத் தமிழ், இந்தி, வங்காளம், தெலுங்கு நான்கிலும் சொல்வாள். நான்கிலும் அது திட்டுவது போலத்தான் இருக்கும். சொல்லிக் கேட்காதவர்களின் தாடையை ஒற்றை விரலால் தானே இறக்கிவிடுவாள். அதிகாரிகள் என்றாலும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் வீட்டோடு ஒட்டிய அறையில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தாள். ஞானஸ்நானம், பிள்ளைகள் கோவிலில் முதல்முறை அப்பம் வாங்குகிற புதுநன்மை, சடங்கு, கல்யாணம் என்று எல்லா வீட்டுக்கும் போவாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவளிடமிருந்த லென்ஸ் முகத்தில் ஒன்றையும் விடாது. வெயில் கருக்கிய கன்னம், வேர்க்குரு, மூக்கின் துளைகள் எல்லாம் அப்படியே வரும். பெண்கள் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். "அக்கா, தோடா, கொஞ்சம் ப்யூட்டி பண்ணிக் குடுங்க" என்பார்கள். அவளும் கணினியில் தேய்த்துக் கொடுப்பாள்.

"முகத்த எடுத்துட்டு மாவு வச்ச மாதிரி இருக்குளா" என்று என்னிடம் சொல்வாள். "அவிய வீட்டு ஆளுக்கே அடையாளம் தெரியாது. தேய்க்காம, ஆளும் மாறாம, அந்தக் கடுமை மட்டும் போகணும்."

அப்படி எடுக்கிற லென்ஸ் உண்டு என்று அவள் ஒரு காணொளியில் பார்த்தாள். பழைய காலத்து அமைப்பு. தானாக ஃபோகஸ் ஆகாது. வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். முழுக்கத் திறந்து எடுத்தால் முகத்தைச் சுற்றி மெல்லிய ஒளி கசிந்ததுபோல் இருக்கும். பின்னால் இருக்கிற இலைகள் சுழன்று வட்டமாகும். என் வீடு விமான நிலையத்துக்குப் பக்கத்தில், லம்பா லைனில். இணையம் அவள் வீட்டைவிட நன்றாகக் கிடைக்கும். ஆகவே அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து மாதிரிப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே விமானம் இறங்கும்போது மட்டும் பேச்சு நிற்கும்.

"இதுல எல்லாமே மங்கலாத்தானடி இருக்கு" என்று ஒரு படத்தைக் காட்டினேன்.

"மங்கலா எடுக்கதுக்கு லென்ஸ் என்னத்துக்கு? இருக்கதுல எண்ணெயத் தடவுனாப் போதும்." திரையில் விரலை வைத்து ஒரு கண்ணைப் பெரிதாக்கினாள். "இமை மயிரப் பாரு. இது ஒவ்வொண்ணாத் தெரியணும். அதுக்கு மேல அந்த ஒளி இருக்கணும். இமை தெரியலன்னா அது குப்ப."

முதலில் கல்கத்தாவிலிருந்து பழைய லென்ஸ் ஒன்றை வரவழைத்தாள். இப்போது இல்லாத ஒரு நாட்டில் செய்தது. டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. உள்ளே கண்ணாடியில் சிலந்தி நூல் போல வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"பூஞ்சை" என்றாள். "நம்ம ஊரு ஈரத்துக்கு இது ஒரு மாசத்துல எல்லாத்துக்கும் தாவிரும்." அன்றே திருப்பி அனுப்பினாள்.

இரண்டாவதாகப் பார்த்தது எண்பத்தைந்து மில்லிமீட்டர். சுழல் இல்லை, ஆனால் ஒளி நன்றாக இருந்தது. ஆளைவிட்டு நிறையத் தள்ளி நின்றால்தான் முகம் முழுதாக வரும் என்று அறையில் கயிறு வைத்து அளந்து பார்த்தாள். "இதுக்கு நான் அடுப்பு மேல உக்காந்துதான் படம் எடுக்கணும்" என்று விட்டுவிட்டாள். கடைசியாகத் தேர்ந்தெடுத்தது பழைய அமைப்பில் புதிதாகச் செய்யப்பட்டது. ஐம்பத்தைந்து மில்லிமீட்டர், பித்தளை உடல். எங்கள் பின்கோடுக்கு அனுப்ப முடியாது என்று விற்பவர்கள் சொல்லிவிட்டதால், சென்னையிலிருந்த என் தம்பி பிரவீன்குமார் முகவரிக்கு வரவழைத்தோம். விமான நிலையத்தில் அதைப் பிரித்துக் காட்டச் சொன்னார்களாம். மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

அவள் வீட்டுப் பின்புறம் ஒரு நாட்டு வாதுமை மரம் உண்டு. இங்கே எல்லோரும் ஜங்லி பாதாம் என்பார்கள். அதன் முன்னால் ஆளை உட்காரவைத்து எடுப்பாள். வளையத்தைத் தோராயமாகத் திருப்பி வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல அசைப்பாள். இமை தெளிகிற நொடியில் அழுத்துவாள். மர இடுக்கில் விழுந்த வெளிச்சம் எல்லாம் நீள்வட்டங்களாகித் தலையைச் சுற்றி நிற்கும். மாதா கோவில் படங்களில் புனிதர்களுக்கு இருக்குமே, அப்படி. இந்துக்கள் வீட்டில் பார்த்தவர்கள் மாலை போட்டது போல இருக்கிறது என்றார்கள். முதலில் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

அந்த லென்ஸில் அவள் எடுத்த முதல் பெரிய படம் எங்கள் பள்ளியின் நீலாவதி டீச்சருடையது. பணி ஓய்வுக்காக எடுத்தது. டீச்சருக்கே நம்ப முடியவில்லை. "ஏய், நான் இம்புட்டு நல்லாவா இருக்கேன்?" என்று பள்ளியில் எல்லோருக்கும் காட்டினார். அந்த வருடமே மாரடைப்பில் போய்விட்டார். டெய்ரி ஃபார்ம் முக்கில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், அந்தப் படத்தோடு.

அடுத்தவர் ஒப்பந்தக்காரர் ராஜமாணிக்கம். அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்தது. லாரி பின்னால் வந்து இடித்துவிட்டது. அவர் பெரிய ஆள் என்பதால் ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ். எல்லாவற்றிலும் தலையைச் சுற்றி அந்த வட்டம். பிறகு ஜங்லிகாட்டில் நல்லதம்பி. மீன்பிடிக்க டிங்கிப் படகோடு போனவர் திரும்பவில்லை. அவருக்கும் மனைவியுடன் சேர்த்து அவள் எடுத்த படம் இருந்தது. மனைவியை வெட்டிவிட்டு அவரை மட்டும் போட்டார்கள்.

இது சிறிய ஊர். ஒரு ஃப்ளெக்ஸைப் பார்க்காமல் யாரும் சந்தைக்குப் போக முடியாது. மற்ற ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த படங்களோடு செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய படங்களெல்லாம் ஒன்றுபோல இருக்கும், யார் எடுத்தது என்று தெரியாது. சுஜிதா எடுத்தது மட்டும் தூரத்திலிருந்தே தெரியும்.

யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் புதுநன்மைப் பிள்ளை ஒன்றை அழைத்து வந்த தாய், படம் எடுக்கிற நேரத்தில் சுஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். "அந்தப் பித்தள லென்ஸ் வேணாம் அக்கா. பிள்ளைக்கு." பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் இன்னும் வெளிப்படையாகச் சொன்னாள்: "தீதீ, வோ வாலா மத் லகானா." அதை மட்டும் மாட்டாதே என்று. கல்யாண வீடுகளில் பையைத் திறந்ததுமே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"எல்லாருக்கும் கிறுக்கு பிடிச்சிருக்கு" என்றாள் என்னிடம். ஆனால் அந்த வாரமே ஒன்று கவனித்தேன். சாயங்காலம் என் வீட்டில் இருந்தவள் கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தாள்.

"அண்ணே, சுஜிதா பேசுதேன். ஸ்டூடியோ. சும்மாத்தான்... சாப்பிட்டீங்களா? என்ன குழம்பு?"

வைத்தாள். அடுத்த எண். "அக்கா, சாப்பிட்டீங்களா?"

மூன்றாவது எண் எடுக்கப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்கடி போற?"

"ஹட்டோ வரைக்கும். சந்திரமோகன் அண்ணன் எடுக்க மாட்டேங்காரு."

"குளிச்சிட்டு இருப்பார்."

"அவர அதுல எடுத்திருக்கேன்ளா."

ஸ்கூட்டியில் ஹட்டோ வரை போய், சந்திரமோகன் வாசலில் துண்டு கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவர் என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "உங்க வீட்டுப் பக்கம் மீன் வண்டி வந்துச்சான்னு பாக்க வந்தேன்" என்றிருக்கிறாள். அவர், "ஏம்மா, டெய்ரி ஃபார்ம்ல மீனே இல்லையா?" என்றாராம். இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லென்ஸைக் கைக்குட்டையில் சுற்றிப் பங்குத்தந்தையிடம் எடுத்துப்போய் மந்திரிக்கச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே தீர்த்தத்தை எடுத்ததும் இவள் அலறியிருக்கிறாள். "ஃபாதர், கண்ணாடியில படாம! உள்ள ஈரம் போனாப் பூஞ்சை பிடிச்சிரும்." ஃபாதர் பித்தளை மேல் மட்டும் சிலுவை போட்டுக் கொடுத்தார்.

நான் அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். நான் அலுவலகத்தில் செய்கிற வேலையே அது. "நீ எடுத்ததால அவுங்க சாகலடி. நீ நல்லா எடுத்ததால, செத்தப்ப அந்தப் படத்தை எடுத்துப் போடுறாங்க. உயிரோட இருக்கிறவுங்க படம் அவுங்க வீட்டு அலமாரியில இருக்கு. உயிரோட இருக்கிறதுக்கு யாராவது ஃப்ளெக்ஸ் வைக்கிறாங்களா?"

யோசித்தாள். "நீ சொல்லுத கணக்கு எனக்குப் புரியுது வைஜி. என் பயத்துக்குப் புரியல."

அதற்குப் பின் லென்ஸை அவள் தொடவே இல்லை. அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் காற்றுப் புகாத பெட்டியில் கிடந்தது. விற்கலாம் என்றால், வாங்குகிறவர் யாரை எடுப்பாரோ என்று அதற்கும் பயம்.

என் மூச்சிரைப்பு அந்தச் சமயத்தில்தான் கூடியது. படியேறினால் நின்று நின்று ஏற வேண்டியிருந்தது. இதய வால்வில் கோளாறு என்றும், சென்னைக்குப் போய் அறுவை செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். இங்கே மெயின்லேண்டுக்கு அனுப்புகிறார்கள் என்றாலே வீடுகளில் குரல் தணிந்துவிடும். போகிறவர்களை எல்லோரும் வந்து பார்ப்பார்கள். பலகாரம் கொடுப்பார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். போவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் வழக்கம்தான். அதற்குப் பிறந்தநாள், புதுப் புடவை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்வார்கள்.

நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. நேராக டெய்ரி ஃபார்ம் போய், "என்னை அந்த லென்ஸ்ல எடு" என்றேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "வாய மூடு."

"நான் திரும்பி வந்துட்டா இந்தப் பேச்சு நிக்கும்."

"வரலன்னா?"

"வரலன்னா நல்ல படமா ஒண்ணு இருக்கட்டும். என் ஆஃபீஸ் ஐ.டி. கார்டு படத்தையா அம்மா சுவத்துல மாட்டணும்? அதுல திருடி மாதிரி இருக்கேன்."

"நீ இப்பமும் அப்படித்தான் இருக்க" என்றாள். சிரிக்கவில்லை. அன்று எடுக்கவும் இல்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் அவளே அழைத்தாள்.

மரத்தடியில் உட்காரவைத்தாள். வெயில் சாய்ந்திருந்தது. எப்போதும்போலத் தாடையை விரலால் இறக்கினாள். விரல் ஜில்லென்று இருந்தது. லென்ஸ் வளையத்தைத் திருப்பினாள். முன்னும் பின்னும் அசைந்தாள். அவள் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். பல படங்கள் எடுத்தாள். காட்டு என்றதற்கு, "வந்து பாரு" என்றாள்.

நான் பிறருக்குச் சொன்ன கணக்கு எனக்கு எவ்வளவு உதவியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சென்னையில், அறுவைக்கு முந்தைய நாள் மார்பை மருந்து தடவிச் சுத்தம் செய்து படுக்கையில் விட்டுப் போனார்கள். பக்கத்து நாற்காலியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு நீலாவதி டீச்சர் நினைவு வந்தது. அவருடைய முகம் வரவில்லை, ஃப்ளெக்ஸ்தான் வந்தது. அதில் என் முகத்தை வைத்துப் பார்த்தேன். வட்டம் சரியாகப் பொருந்தியது. எழுந்து உட்கார்ந்து சுஜிதாவை அழைத்து, அழித்துவிடு என்று சொல்லிவிடலாமா என்று கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே அழைத்துவிட்டாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்கடி."

"அதுவும் சரிதான்" என்றாள். அழிக்கச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

நான் திரும்பி வந்தேன். மார்பில் ஒரு கோடு, கையில் ஒரு பை மாத்திரை. விமான நிலையத்துக்கு வெளியே சுஜிதா நின்றாள். என்னைத் தொட்டுப் பார்த்தாள், துணிக்கடையில் துணியைத் தொட்டுப் பார்ப்பது போல. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, "இப்பவாவது காட்டு" என்றேன்.

காட்டினாள். எல்லாவற்றிலும் பின்னால் இருந்த பாதாம் இலைகள் நரம்பு நரம்பாகத் தெளிவாக இருந்தன. முன்னால் நான் ஒரு மங்கிய உருவம். கண் எங்கே என்றுகூடத் தெரியவில்லை.

"ஏண்டி இப்படி?"

"நான் உன்னப் பிடிக்கவே இல்லளா" என்றாள். "இலையத்தான் பிடிச்சேன். ஒண்ணுலயும் உம் முகத்த அதுக்குக் குடுக்கல."

எனக்குக் கோபம் வந்தது. நான் பயந்த பயமெல்லாம் வீண். அதைவிட, நான் பிழைத்து வந்ததை வைத்து இனி எதையும் நிரூபிக்க முடியாது. இலையை எடுத்தால் மனுஷி சாகவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. நான் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ உயிரோட இருந்து கத்துறது நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மாதங்கள் போயின. மாத்திரை குறைந்தது. நானும் ஒவ்வொரு முறை போகும்போதும் விடாமல் கேட்டேன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, நானே எதிர்பார்க்கவில்லை, பெட்டியிலிருந்து அந்த லென்ஸை எடுத்து வந்தாள். "வா, உக்காரு. கேட்டுக் கேட்டு உயிர வாங்காத."

இந்த முறை ஜெபம் சொல்லவில்லை. அசைந்தாள், நின்றாள், அழுத்தினாள். திரையில் உடனே பெரிதாக்கிக் காட்டினாள். என் இமைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவற்றின் மேல் அந்த ஒளி. நான் இதுவரை என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் என் வீட்டில் மாதிரிப் படங்களைப் பார்த்தபோது இருந்த முகம் அது.

"லாங் ஐலண்ட்ல ஒரு கல்யாணப் பொண்ணு. ரூபான்னு பேரு" என்றாள். "கல்யாணத்துக்கு முந்தியே படம் நல்லா ஒண்ணு வேணும்னு கேட்டிருக்கா. இதையே கொண்டு போகப் போறேன்."

"அவங்க வீட்டுல இதப் பத்தித் தெரியுமா?"

"அந்தத் தீவு வரைக்கும் ஃப்ளெக்ஸ் போகல" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் போனவள்தான். பெண்ணைக் கடற்கரை மரங்களுக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்துவிட்டு, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஜெட்டிக்கு வந்து படகுக்கு நின்றிருக்கிறாள். தலை வலிக்கிறது என்று பையைக் கீழே வைத்திருக்கிறாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்று ரங்கத் ஆஸ்பத்திரியில் மருத்துவர் சொன்னாராம். அவளுக்கு ரத்த அழுத்தம் இருந்திருக்கிறது. ஊரில் எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டவளை, மாத்திரை சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டிருக்கவில்லை. அழுத்தம் இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது.

அடக்கத்தின்போது வீட்டில் வைக்க அவளுடைய படம் ஒன்றும் சரியாகக் கிடைக்கவில்லை. ஜெபராஜ் தன் கைப்பேசியில் தேடி, கோவில் திருவிழாவில் பிரியாணித் தட்டோடு நின்ற படத்தைக் கொடுத்தார். தட்டை வெட்டிவிட்டு ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். ஓரத்தில் யாருடைய தோளோ பாதி இருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"பாத்தியா, கடைசில பிடிச்ச கையையே வாங்கிருச்சு."

"அவள அதுல யாரும் எடுக்கலயேக்கா."

"எடுத்தாத்தானா?"

நான் திரும்பி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவளை அந்த லென்ஸில் ஒரு படம்கூட யாரும் எடுத்ததில்லை. ஊர் சொன்னதெல்லாம் பொய் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. நான் திரும்பவில்லை. கை தானாகப் போய் மார்பின் தழும்பு மேல் நின்றது. அந்த லென்ஸ் கடைசியாகத் தெளிவாக எடுத்த முகங்கள் இரண்டு. ஒன்று என்னுடையது.

எல்லோரும் போன பிறகு ஜெபராஜ் கேமராப் பையை என் முன் வைத்தார். ஜெட்டியிலிருந்து வந்தபடியே இருந்தது, வாரில் மணல்.

"இத வீட்டுல வைக்க முடியாது. எம் பிள்ள எடுத்து விளையாடும்" என்றார். "கடல்ல போட்டுருவோம்னு டிங்கியில எடுத்துட்டுப் போனேன். போட வரல. இதுக்குள்ள எத்தன பேரு இருக்காவளோ. நான் பாட்டுக்குப் போட்டு, அவியளுக்கு ஏதும் ஆயிட்டுன்னா?"

"அப்படியெல்லாம் ஆகாதுண்ணே."

"உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று மாலை லாங் ஐலண்டிலிருந்து ரூபாவின் தாய் மங்கையர்க்கரசி அழைத்தார். செய்தி ஃப்ளெக்ஸைவிட வேகமாகப் போயிருக்கிறது.

"மேடம்ஜி, கேமரா உங்ககிட்ட இருக்குன்னு ஜெபராஜ் தம்பி சொன்னாரு. எங்க பொண்ண எடுத்ததெல்லாம் அழிச்சிடுங்க. ஒரு படமும் வேணாம். அந்தக்கா பாவம், எங்க வீட்டுலதான் கடைசியாச் சாப்பிட்டாங்க. ரெண்டு தடவ மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க... பொண்ணு அன்னைலேர்ந்து சரியாச் சாப்பிட மாட்டேங்குது. ராத்திரி என் பக்கத்துலயே படுத்துக்குது."

நான் சுஜிதாவுக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். அலமாரியில் இருக்கிற படங்கள், உயிரோடு இருப்பவர்களுக்கு ஃப்ளெக்ஸ் இல்லை, சுஜிதாவையே அதில் யாரும் எடுத்ததில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க படிச்சவங்க. சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா அழிச்சிடுங்க மேடம். வெள்ளிக்கிழமை கல்யாணம்."

"அழிக்கிறேம்மா" என்றேன்.

வீடு தூங்கிய பிறகு கேமராவை எடுத்து ஆன் செய்தேன். முதலில் என் படம் வந்தது, அதை வேகமாகத் தள்ளினேன். பிறகு ரூபா. பத்தொன்பது இருபது வயதிருக்கும். கடலோர மரங்கள் அவளைச் சுற்றிச் சுழன்று நிற்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தேன். இமைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. சுஜிதா எடுத்தவற்றிலேயே இவைதான் சிறந்தவை என்று நினைக்கிறேன். அந்தப் பெண் எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். தாடையை இறக்கச் சொல்லித் திட்டு வாங்கியிருப்பாள்.

அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். உறுதியா என்று கேமரா கேட்டது. அழித்தால் ஊர் சொன்னதை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அழிக்காமல் விட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பெண்ணுக்குச் சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்தாலும் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நான் பதில் சொல்லாததால் கேள்வி கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்து மறைந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் கேட்டது.

ரூபாவின் படங்கள் இன்னும் கார்டில் இருக்கின்றன.